பாட்டியோட தாத்தா ஐரிஷ்காரர்னு சொல்றாங்க, பட்டாள பேப்பர்ல ஃபோர்ஃபர்னு இருக்கு, எங்க தேடறது?

சிம்ஸ்பார்க்_பொண்ணு எழுதியது:

வணக்கம், குன்னூர்ல இருந்து எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சுட்டு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க அம்மா வழி ஆங்கிலோ இந்தியன் குடும்பம். பாட்டியோட தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துல சேந்து இங்க பக்கத்துல வெலிங்டன் பேரக்ஸுக்கு வந்தவர், 1889ல வெலிங்டன்லயே கத்தோலிக்கக் கோயில்ல கல்யாணம், பட்டாளத்தை விட்டு வெளிய வந்தப்புறம் கப்பல் ஏறாம இங்கயே தங்கிட்டார், அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி 1904ல ஆரம்பிச்சப்ப அங்க வேலைக்குப் போனாராம். இதுவரைக்கும் எங்ககிட்ட பேப்பர் இருக்கு, இதுக்கு முன்னாடிதான் ஒண்ணுமே இல்ல.

பாட்டி இருந்த வரைக்கும் சொல்லிட்டே இருப்பாங்க, நம்ம அயர்லாந்துக்காரங்க, பஞ்சத்துல மில் வேலைக்குப் போன குடும்பம்னு. தாத்தாவோட அம்மா தறி ஓட்டினவங்களாம், மில் சத்தத்துல காது போயிருச்சாம், யாராவது பேசினா உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாங்களாம். அவங்க பேரு என்னன்னு பாட்டிக்கே தெரியாது. தாத்தாவோட தங்கச்சி ஒருத்தங்க அமெரிக்கால லாரன்ஸ்ங்கற ஊர்ல மில்லுக்குப் போயி, கொஞ்ச வருஷம் லெட்டர் வந்து அப்புறம் நின்னு போச்சு.

ஆஸ்திரேலியால செட்டில் ஆன மாமா பையன் போன மாசம் தாத்தாவோட பட்டாள ரெக்கார்டை ஆன்லைன்ல எடுத்து அனுப்பினான். 1881ல சேந்திருக்கார், வயசு 19, தொழில் மில் தொழிலாளி. பிறந்த இடம்னு போட்டிருக்கறது லிஃப் பாரிஷ் (பங்கு), டண்டி ஊருக்குப் பக்கத்துல, ஃபோர்ஃபர் கவுண்டி (நம்ம ஜில்லா மாதிரி). அயர்லாந்துல இருக்கற 32 கவுண்டியையும் ஒவ்வொண்ணா பாத்தேன், ஃபோர்ஃபர்னு ஒண்ணு இல்ல. 1901 ஐரிஷ் சென்சஸ்ல குடும்பப் பேரைப் போட்டா நூத்துக்கணக்குல வருது. ஒரு இடத்துல காசு கட்டி குடும்ப மரம் போட்டு வாங்கினோம், அதுல எங்க தாத்தா பேருள்ள வேற யாரோ ஒருத்தர், 1885லயே கார்க்ல செத்துப் போனவர், அவரை எங்க தாத்தான்னு ஒட்டி வச்சிருந்தாங்க. அம்மாவுக்கு ரொம்ப வருத்தமாயிடுச்சு.

இன்னொண்ணு, உபயோகமான்னு தெரியல. எங்க குடும்பத்துல மூத்த பொண்ணுங்களுக்கு நடுப்பேரா ஒரே ஒரு பேரு வரும். பாட்டிக்கும் அதுதான், அம்மாவுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். புனிதர் பேரும் இல்ல, கேட்டா யாருக்கும் அர்த்தம் தெரியாது.

அம்மாவுக்கு 70 தாண்டிடுச்சு, அவங்க இருக்கும்போதே அந்த காது கேக்காத அம்மா யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். குடும்பப் பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, அதனால பேரு இல்லாமயே கேக்கறேன்.


பழையபதிவேடு எழுதியது:

அம்மா, நான் வெலிங்டன்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப கல்லறை எழுத்து, ஞானஸ்நானப் புத்தகம்னு இதே வேலையா இருக்கேன். உங்க பாட்டி சொன்னதும் சரி, பட்டாள பேப்பரும் சரி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதல.

ஃபோர்ஃபர் அயர்லாந்துல இல்லீங்க, ஸ்காட்லாந்துல இருக்கு. இப்ப ஆங்கஸ்னு சொல்ற மாவட்டத்துக்குப் பழைய பேரு. டண்டி அங்க பெரிய மில் ஊரு. லிஃப் பாரிஷ்ல டண்டியை ஒட்டி லாக்கின்னு ஒரு பேட்டை, அங்க காக்ஸ் குடும்பத்தோட கேம்பர்டவுன் மில் இருந்துச்சு, ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய சணல் மில், 5000 பேருக்கு மேல வேலை பாத்த இடம். அதோட புகைபோக்கி 282 அடி, இன்னைக்கும் நிக்குது. அந்த லாக்கியில அயர்லாந்துக்காரங்க அவ்வளவு பேரு குடியேறி, அயர்லாந்து கவுண்டி ஒண்ணோட பேருல அதுக்கு குட்டி டிப்பரரின்னே பட்டப்பேரு வந்துச்சு. 1851 சென்சஸ்ல டண்டி ஜனத்தொகைல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் அயர்லாந்துல பிறந்தவங்க. அதனால உங்க தாத்தா ஐரிஷ் அப்பா அம்மாவுக்கு ஸ்காட்லாந்துல பிறந்த பிள்ளையா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, இந்த மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பம் இருக்கு.

காது விஷயம் கேட்டப்பவே எனக்குத் தோணிடுச்சு, அது சணல் மில் தறி ஷெட்டுதான். நூத்துக்கணக்குல தறி ஒரே கூரைக்குக் கீழ ஓடும், பக்கத்துல நிக்கறவங்க பேசினாக்கூட காதுல விழாது, கை ஜாடையும் உதட்டசைவும்தான் பாஷை. டண்டி மில்ல நாலுல மூணு பேரு பொம்பளைங்க, வயசு வந்த ஆம்பளைன்னா கூலி ஜாஸ்தி குடுக்கணும்னு பையன்களை 18 வயசு ஆனதும் வெளிய அனுப்பிடுவாங்க, அந்தப் பையனுங்கள்ல நிறைய பேரு பட்டாளத்துக்குப் போனாங்க. 19 வயசு மில் தொழிலாளி 1881ல பட்டாளத்துல சேந்தாருன்னா எனக்கு அது அப்படியே பொருந்துது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நீங்க அயர்லாந்துல தேடாதீங்க, இப்போதைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. அயர்லாந்துல ஊர் பேரு தெரியாம தேடறது நம்ம ஊர்ல வெறும் மாரியம்மாங்கற பேரை வச்சுக்கிட்டு ஆளைத் தேடற மாதிரி. அங்க டவுன்லேண்டுன்னு சொல்ற குட்டி குட்டி ஊருங்க மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல. இங்கிலாந்து ஸ்காட்லாந்து சென்சஸ்ல அயர்லாந்துல இருந்து வந்தவங்கள்ல நிறைய பேருக்கு பிறந்த இடம் அயர்லாந்துன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க.

ஸ்காட்லாந்துலதான் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு. அங்க 1855ல இருந்து பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாம் கட்டாயப் பதிவு, அதுவும் இங்கிலாந்து பதிவை விட விவரம் ஜாஸ்தி. இறப்புப் பதிவுல செத்தவங்களோட அப்பா பேரு மட்டுமில்ல, அம்மா பேரு, அம்மாவோட பொறந்த வீட்டுக் குடும்பப் பேரு வரைக்கும் இருக்கும். பிறப்புப் பதிவுல 1861ல இருந்து அப்பா அம்மாவுக்கு எந்தத் தேதில எந்த ஊர்ல கல்யாணம் ஆச்சுங்கறதும் சேத்து எழுதுவாங்க. 1856 முதல் 1860 வரைக்கும் அந்த விவரத்துக்குக் கட்டம் கிடையாது. உங்க தாத்தா 1881ல 19 வயசுன்னா 1862 வாக்குல பிறந்திருக்கணும், சரியா அந்த நல்ல காலத்துக்குள்ள வந்துட்டார். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்ங்கற அரசாங்க வெப்சைட்ல ஒரு பதிவோட படத்தைப் பாக்க ரெண்டு பவுண்டுக்குள்ளதான் ஆகும். முதல்ல அதை எடுங்க. பட்டாளத்துல வயசைக் கூட்டிக் குறைச்சுச் சொல்லுவாங்க, அதனால 1860ல இருந்து 1865 வரைக்கும் பாருங்க.

நடுப்பேரு விஷயத்தை விட்டுடாதீங்க. ஸ்காட்லாந்துல அம்மாவோட, பாட்டியோட பொறந்த வீட்டுக் குடும்பப் பேரை பிள்ளைக்கு நடுப்பேரா வைக்கற பழக்கம் ரொம்ப உண்டு. டண்டிலயே இருந்துட்டு வந்த குடும்பம் அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கலாம்.

வெலிங்டன் கல்யாணப் பதிவுல மாப்பிள்ளையோட அப்பா பேரு இருக்கணுமே, இருக்கா?


சிம்ஸ்பார்க்_பொண்ணு எழுதியது:

சார் கண்ணு கலங்கிடுச்சு, ரொம்ப நன்றி. அப்பா பேரு இருக்கு சார், அம்மா பேருக்கு கட்டமே இல்ல அந்தப் புத்தகத்துல. நான் இத்தனை நாள் அயர்லாந்துன்னு ஒரே இடத்தைச் சுத்தி சுத்தி வந்திருக்கேன். நடுவுல ஒரு ஊரு இருக்கும்னு நினைச்சே பாக்கல.


கேத்தி_கிழங்கு எழுதியது:

நான் கேத்தி பள்ளத்தாக்குல விவசாயம். பரம்பரை பரம்பரையா உருளைக்கிழங்கு போட்ட குடும்பம், இப்ப கேரட்டும் சேந்துடுச்சு. உங்க பாட்டி பஞ்சம்னு சொன்னாங்கல்ல, அது கிழங்குல வந்த நோய்ங்க. இலைக்கருகல். 1845ல அயர்லாந்துல வந்தது அதேதான். நம்ம பக்கம் மூடுபனியும் சாரலும் சேந்தாப்ல நாலு நாள் நின்னா இலை ஓரத்துல கருப்பு விழும், திருப்பிப் பாத்தா அடியில வெள்ளையா பூத்திருக்கும், மருந்து அடிக்காம விட்டா ஒரு வாரத்துல காடு முழுக்க வெந்த மாதிரி ஆகி நாறும். எங்க தாத்தா சொல்லுவார், அந்த நாத்தம் வந்தா வீட்ல யாரும் பேச மாட்டாங்கன்னு. நமக்கு முத்தோரைல ஆராய்ச்சி நிலையம் இருக்கு, எதிர்ப்பு சக்தி உள்ள ரகம் குடுக்கறாங்க, கிழங்கு போனா அரிசி வாங்கிச் சாப்பிடறோம். அவங்களுக்கு சாப்பாடே அது ஒண்ணுதானாம். மருந்துன்னு ஒண்ணு யாருக்கும் தெரியாது.

1841ல 81 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம் 1851ல 65 லட்சம் சொச்சம் ஆயிடுச்சு. பத்து லட்சம் பேரு செத்தாங்க, அதே அளவு பேரு ஊரை விட்டுப் போனாங்க. இதை நான் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

இன்னொண்ணும் சொல்லணும்னு தோணுது. நம்ம கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு சணல் சாக்குலதான் போச்சு ரொம்ப காலம். அந்த சணல் விளையறது வங்காளத்துல, அந்தக் காலத்துல அங்க இருந்து கப்பல்ல டண்டிக்கும் போயி அங்க சாக்குத்துணியா நெய்வாங்க. உங்க தாத்தாவோட அம்மா கையில பட்டது நம்ம தேசத்து நாருங்க.


பழையபதிவேடு எழுதியது:

கேத்திக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா பஞ்சத்துக்கு முன்னாடியே போனவங்களும் நிறைய, அதையும் மனசுல வச்சுக்கணும். அயர்லாந்தோட வடக்குப் பக்கம் மோனகன், கேவன், ஃபெர்மனா இந்த கவுண்டிங்கள்ல வீட்டுக்கு வீடு ஆளிவிதைச் செடி நாரை ராட்டைல நூத்து லினன் துணிக்குக் குடுத்துத்தான் குத்தகை கட்டிட்டு இருந்தாங்க. 1820கள்ல மெஷின் நூல் வந்ததும் அந்த ராட்டைக் கூலி செத்துப் போச்சு. அந்தப் பொம்பளைங்க கைல இருந்த தொழில் நூற்பு, டண்டில அப்ப ஆளிநார் மில், அதனால நேரா அங்க போனாங்க, பிறகு அந்த மில்லுங்கதான் சணலுக்கு மாறுச்சு. உங்க குடும்பம் எந்தப் பக்கம்னு யூகிக்கச் சொன்னா நான் அந்த கவுண்டிங்களைத்தான் சொல்லுவேன், ஆனா யூகத்தை எழுதி வைக்காதீங்க, பதிவைப் பாருங்க.


கோடைமேகம் எழுதியது:

நான் கொடைக்கானல்ல டீச்சரா இருந்தேன். இங்க பிரசன்டேஷன் கான்வென்ட் இருக்கறதால அயர்லாந்து சிஸ்டர்ஸ் பத்தி சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவ, அந்த சபை 1842லயே அயர்லாந்துல இருந்து மெட்ராஸுக்கு வந்துட்டாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப ஆசை, அதனால கொஞ்சம் எழுதறேன்.

ஸ்காட்லாந்து பதிவுல ஊர் பேரு கிடைச்சப்புறம் அயர்லாந்து பக்கம் போகும்போது ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணு. 1922 ஜூன்ல உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்துல இருந்த பப்ளிக் ரெக்கார்டு ஆபீஸ் எரிஞ்சு போச்சு. 1821ல இருந்து 1851 வரைக்குமான சென்சஸ் பெரும்பாலும் அதுலயே போச்சு. 1861, 1871 சென்சஸை அதுக்கு முன்னாடியே அரசாங்கமே அழிச்சிருச்சு, 1881, 1891 சென்சஸ் முதல் உலகப்போர் சமயத்துல காகிதக்கூழுக்குப் போச்சு. முழுசா நிக்கற சென்சஸ்ல பழசு 1901, அப்புறம் 1911. உங்க தாத்தா குடும்பம் அப்ப அங்கயே இல்ல, அதுல தேடி எப்படிக் கிடைக்கும்.

ஆனா கோயில் புத்தகம் எரியல. கத்தோலிக்கப் பங்குகளோட ஞானஸ்நானம், கல்யாணப் புத்தகம் அந்தந்த ஊர் கோயில்லதான் இருந்துச்சு. அதோட படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015ல இருந்து இலவசமா ஆன்லைன்ல வச்சிருக்காங்க, பெரும்பாலும் 1880 வரைக்கும் இருக்கும். அயர்லாந்துல கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு அரசாங்கப் பதிவு 1864லதான் ஆரம்பம், அதுக்கு முந்தினதுன்னா இந்தக் கோயில் புத்தகம்தான் கதி. அப்புறம் கிரிஃபித் வேல்யுவேஷன்னு 1847ல இருந்து 1864 வரைக்கும் எடுத்த நில மதிப்பீடு, யாரு எந்த டவுன்லேண்டுல யார்கிட்ட குத்தகைக்கு இருந்தாங்கன்னு இருக்கும், அதுவும் இலவசம்.

கோயில் புத்தகம் நிறைய லத்தீன்ல இருக்கும், பயப்படாத. ஜேம்ஸ்ங்கறவர் யாக்கோபுஸ் ஆயிருப்பார், வில்லியம் குலியெல்முஸ், பிரிஜெட் பிரிஜிடா. நம்ம பக்கம் பீட்டரை ராயப்பர்னும் பாலை சின்னப்பர்னும் ஜானை அருளப்பர்னும் எழுதின மாதிரிதான், பழகிட்டா கண்ணு தானா படிக்கும். குடும்பப் பேருல எழுத்துக்கூட்டல் நூறு விதமா இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவங்க வாயால சொன்னதை சாமியார் காதுல விழுந்த மாதிரி எழுதினது, ஓ போட்ட பேருல ஓ இருக்காது, மக் போட்ட பேருல மக் இருக்காது. ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரை விடாம குறிச்சுக்கோ, பல சமயம் அப்பா அம்மாவோட கூடப்பிறந்தவங்களோ சொந்தக்காரங்களோ இருப்பாங்க.

அமெரிக்கா போன தங்கச்சிக்கு ஒண்ணு சொல்றேன். லாரன்ஸ் மாசசூசெட்ஸ்ல இருக்கு, மில்லுக்குன்னே கட்டின ஊரு. அங்க பெம்பர்டன் மில் 1860 ஜனவரியில அப்படியே இடிஞ்சு விழுந்து ஏராளமான பேரு செத்தாங்க, அதுல நிறைய அயர்லாந்துப் பொண்ணுங்க. அந்தப் பக்கம் போனவங்களைத் தேடி பாஸ்டன் பைலட்ங்கற பேப்பர்ல காணாமல் போன உறவினர்னு விளம்பரம் குடுப்பாங்க, 1831ல இருந்து 1921 வரைக்கும் வந்துச்சு, எந்தக் கவுண்டி, எந்தப் பங்கு, எப்ப கப்பல் ஏறினாங்கன்னு எல்லாம் இருக்கும். அண்ணன் தங்கச்சியைத் தேடறது, அம்மா மகனைத் தேடறது, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வரிதான், படிக்கப் படிக்க நெஞ்சு அடைக்கும். அதுவும் ஆன்லைன்ல தேடலாம்.

மில்லுன்னாலே எனக்கு மைக்கேல் டாவிட் ஞாபகம் வரும். அயர்லாந்துல மாயோ கவுண்டில பிறந்தவர், 1850ல குத்தகை பாக்கிக்காக குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேத்தினாங்க, இங்கிலாந்துல லங்காஷயர்ல ஹாஸ்லிங்டன் போனாங்க, 1857ல பதினோரு வயசுல பஞ்சாலை மெஷின்ல வலது கை மாட்டி எடுக்க வேண்டியதாயிடுச்சு. அந்தப் பையன்தான் பின்னாடி 1879ல நிலச் சங்கம் ஆரம்பிச்சு குத்தகைக்காரங்களுக்காகப் போராடினவர். பாடம் நடத்தும்போது பிள்ளைங்ககிட்ட பதினோரு வயசுன்னு சொன்னா கிளாஸே அமைதியாயிடும்.


கோத்தகிரி_லயம் எழுதியது:

அக்கா நான் கோத்தகிரி பக்கம். எங்க குடும்பம் தாயகம் திரும்பியவங்க, தாத்தா பாட்டி இலங்கைல கண்டி பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்தவங்க, 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சே அதுல வந்தவங்க, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இங்க டான்டீ (அரசாங்க) தேயிலைத் தோட்டம். வந்தப்புறம் தாத்தாவோட பூர்வீக ஊரு எதுன்னு நாலு வருஷம் தேடினேன், திருச்சி ஜில்லான்னு மட்டும் தெரியும், அதான் உங்க கதை படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு.

நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா தாத்தா பேரை விட்டுட்டு லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) பக்கத்து காம்பரால (ரூம்ல) இருந்தவங்க பேரைப் பிடிச்சேன். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேக்கறவர்) ஆள் பிடிக்கும்போது சொந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும்தான் பிடிப்பார், அதனால ஒரு லயத்துல இருக்கறவங்க பூரா ஒரே பக்கத்துக்காரங்களா இருப்பாங்க. பக்கத்து காம்பரா குடும்பம் ஒண்ணு இப்ப கூடலூர்ல இருக்காங்க, அவங்க வீட்டுப் பெரியம்மாவுக்கு ஊர் பேரு ஞாபகம் இருந்துச்சு, போயி பாத்தா குலசாமி கோயில்ல எங்க வகையறா பேரு இருக்கு.

மில்லுக்குப் போனவங்களும் அப்படித்தானே போயிருப்பாங்க, ஒரு அக்கா போயி இடம் பாத்து தங்கச்சியைக் கூப்பிடுவா, அப்புறம் ஊர்ப் பொண்ணுங்க. உங்க தாத்தா பிறந்த தெருவுல சென்சஸ்ல பக்கத்து வீட்டுக்காரங்க, வீட்ல தங்கி இருக்கற லாட்ஜர், கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க, அவங்க ஊரையும் பாருங்க அக்கா. உங்க ஆளுக்கு அயர்லாந்துன்னு மட்டும் போட்டிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு கவுண்டி பேரு போட்டிருக்கலாம்.


பழையபதிவேடு எழுதியது:

தம்பி சொன்னது நான் சொல்லாம விட்ட பெரிய விஷயம். 1861, 1871, 1881 மூணு சென்சஸும் எடுத்துப் பாருங்கம்மா, தெரு முழுக்க.


சிம்ஸ்பார்க்_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், பதினோரு நாள் கழிச்சு எழுதறேன், நேத்து ராத்திரி கிடைச்சுது.

1862 மார்ச், லாக்கி. தாத்தா பேரு, அப்பா பேரு வெலிங்டன் புத்தகத்துல இருக்கற அதே பேரு. அப்பாவோட தொழில் சணல் மில் கூலி. பதிவு குடுத்தது அப்பாதான், கையெழுத்து போட வேண்டிய இடத்துல சிலுவை மாதிரி ஒரு குறி, பக்கத்துல அவர் குறின்னு ரெஜிஸ்ட்ரார் எழுதி இருக்கார். கல்யாணம் 1859 நவம்பர், க்ளோனிஸ், மோனகன் கவுண்டி, அயர்லாந்து. சார் நீங்க சொன்ன கவுண்டி.

அம்மா பேரு பிரிஜெட். பொறந்த வீட்டுக் குடும்பப் பேரு எங்க மூணு பேருக்கும் இருக்கற நடுப்பேரு. ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அம்மாவைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். அவங்க படிச்சாங்க, அவங்க பேருதான் அது, ரெண்டு தடவை சத்தமாப் படிச்சாங்க, அப்புறம் பாட்டி ஃபோட்டோவைப் பாத்துட்டு உக்காந்துட்டாங்க.

1871 சென்சஸும் எடுத்துட்டேன், பிரிஜெட்டுக்கு சணல் நெசவாளின்னு இருக்கு, தாத்தாவுக்கு ஒம்போது வயசு, அவருக்கு நேரா அரை நாள் மில், அரை நாள் ஸ்கூல்னு. தம்பி சொன்ன மாதிரி பக்கத்து வீட்டையும் பாத்தேன், அங்க ஒரு விதவை, அவங்க குடும்பப் பேரும் இந்த நடுப்பேருதான், பிறந்த இடம் மோனகன். பிரிஜெட்டோட அம்மாவா அக்காவா தெரியல, வயசு 58ன்னு இருக்கு, அம்மாவா இருக்கலாம்.

டீச்சர், க்ளோனிஸ் பங்குப் புத்தகம் தேசிய நூலகத்துல திறந்து வச்சிருக்கேன், 1859 நவம்பர் பக்கத்துல மை பரவி இருக்கு, ரெண்டு வரி லத்தீனா இங்கிலீஷான்னே புரியல. படத்தை உங்களுக்குத் தனியா அனுப்பட்டுமா?


கோடைமேகம் எழுதியது:

அனுப்பு கண்ணு, இப்பவே. அதுக்கு முந்தின பக்கமும் பிந்தின பக்கமும் சேத்து அனுப்பு, அந்த சாமியாரோட கையெழுத்து பழகணும்.